குதிரை வீட்டுக்காரி

திருத்தணிப் பக்கம் மனிதர்கள் குடியிருக்கும் வீடுகளில் பாதிக்கு ஜன்னல் ஒழுங்காகச் சாத்தாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரு குதிரை குடியிருப்பதற்காக எங்கள் சாலையில் ஆறு மாதம் ஒரு லாயம் கட்டப்பட்டது. கட்டியவன் நான். கட்டவும் விடாமல், கட்டாமலும் விடாமல் உயிரை எடுத்தவர் அந்த அம்மா.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் ஊரில் யாருக்கும் தெரியாது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டி.டி.ஆர். அம்மா. அரக்கோணத்தில் குடியிருந்தவர். கணவர் போய்ச் சேர்ந்து, மகனும் வேலையென்று வெளியூர் போன பிறகு, கனகம்மாசத்திரம் போகிற சாலையை ஒட்டி இரண்டு ஏக்கர் வாங்கி, அதிலிருந்த ஓட்டு வீட்டில் தனியாக வந்து உட்கார்ந்தார். அதே சாலையில்தான் என் வெல்டிங் பட்டறை. கேட்டும் கிரில்லும் மாட்டுக் கொட்டகையும் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, குதிரைக்கு லாயம் போட வேண்டும் என்றார். குதிரைக்கு நான் எதுவும் செய்ததில்லை என்று சொன்னேன். எல்லாம் தெரியும் என்று சொன்ன இரண்டு பேரை அனுப்பிவிட்டு அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். உண்மை பேசினால் இப்படியெல்லாம் மாட்டிக்கொள்ள நேரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த அம்மா யாரையும் நம்ப மாட்டார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, தொழில் அப்படி. டிக்கெட்டை இப்போதுதான் காற்று அடித்துக்கொண்டு போயிற்று, பர்ஸை இப்போதுதான் திருடினார்கள், பாட்டி இப்போதுதான் செத்தாள் என்று முப்பது வருஷம் விதவிதமாகக் கேட்ட காது. அதனால் நான் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்.

"வாயால சொன்னா டிக்கெட்டு ஆவாதுப்பா. காட்டு."

வேலிக்கு நட்ட கம்பம் ஆடாது என்று சொன்னால் போதாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பத்தைக் கட்டிப்பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தம் முழு எடையையும் போட்டு ஆட்டுவார். சாதாரண எடையில்லை. நாற்பது கம்பங்களில் ஏழு ஆடின. அந்த ஏழையும் நான்தான் நட்டேன் என்பதை மறைக்க முடியாதபடி ஒவ்வொன்றின் தலையிலும் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டார். அந்தப் பக்கம் போன பஸ்களெல்லாம் என் ஏழு மார்க்கைப் பார்த்துக்கொண்டு போயின.

தரைக்கு நான் கான்கிரீட் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மாடுகள் அதில்தான் நிற்கின்றன, ஒரு மாடும் புகார் சொன்னதில்லை. கால்நடை மருத்துவர் போனில், குதிரைக்கு மண் தரைதான் நல்லது என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் சொன்னதையாவது அந்த அம்மா நம்பியிருக்கலாம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கான்கிரீட்டின் மேல் அசையாமல் நின்றபடி காலை பேப்பரை முதல் பக்கத்திலிருந்து விளையாட்டுப் பக்கம் வரைக்கும் படித்தார். படித்து முடித்ததும் பேப்பரை மடித்து, "முட்டி வலிக்குது, ஒடச்சிடு" என்றார். குதிரைக்குக் குளம்பு இருக்கிறது, அவருக்குப் போல வலிக்காது என்று எடுத்துச் சொன்னேன். அதை நான் குதிரையிடம் கேட்டேனா என்று கேட்டார். உடைத்தேன்.

சுவரில் ஆணி முனை, வெல்டிங் பிசிர் எதுவும் இருக்கக் கூடாது என்பது அடுத்தது. எல்லாவற்றையும் ராவி வழவழவென்று ஆக்கிவிட்டேன் என்றேன். வீட்டுக்குள் போய், வேலையிலிருந்தபோது போட்ட கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். சித்திரை மாதம். கோட்டோடு நான்கு சுவர்களிலும் கம்பிகளிலும் முதுகைத் தேய்த்தபடி, அரிப்பெடுத்த எருமை போல ஒரு சுற்று வந்தார். எங்கெல்லாம் கோட்டு நூல் பிரிந்ததோ அங்கெல்லாம் நான் மறுபடி ராவினேன். மூன்றாவது சுற்றில் கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவதற்கு அதில் மீதி ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஊர்ப் பெயர் செய்தியில் அடிபடுவது இரண்டே காரணத்துக்காக. ஒன்று ஆடிக் கிருத்திகை, இன்னொன்று வெயில். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். நான் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து, செத்துக்கித்துப் போனால் யாருக்குச் சொல்வது, அவர் மகன் நம்பர்கூட என்னிடம் இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு எழுந்து வந்தார். முகம் வெந்த பீட்ரூட் மாதிரி இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இதில் குதிரையை வளர்க்க முடியாது, வேக வைக்கத்தான் முடியும் என்றார். கூரையை மூன்றடி உயர்த்தி, பக்கத்தில் காற்றுப் போக வழி விட்டு, தகரத்தின் மேல் தென்னங்கீற்று போட்டோம். அதன் கீழும் ஒரு மத்தியானம் படுத்தார். இந்தத் தடவை குறட்டை கேட்டது. அதைப் பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் குதிரை அப்போது அங்கே இல்லை. அது நகரிப் பக்கம் ஒருவரிடம் இருந்தது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது அவர் தொழில். வெள்ளைக் குதிரை, பெயர் ராஜா. கல்யாணக் குதிரைகளில் பாதிக்குப் பெயர் ராஜா, மீதிப் பாதிக்கும் அதுதான். யாரோ ஒரு மாப்பிள்ளையின் நண்பர்கள் சந்தோஷத்தில் கொளுத்திப் போட்ட பட்டாசில் இதன் வலது கண் போய்விட்டது. அதற்குப் பிறகு வெடிச் சத்தம் கேட்டால் மிரண்டது. மாப்பிள்ளையைக் கீழே தள்ளும் குதிரையை யார் கூப்பிடுவார்கள்? கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அதை வண்டியில் நிறுத்தி வைத்துவிட்டு அந்த ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்த அம்மா பார்த்திருக்கிறார். எங்கே கொண்டு போகிறாய் என்று விசாரித்திருக்கிறார். மற்றதையெல்லாம் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், கொள்ளு புடைத்துக்கொண்டே.

"மூணு தடவ கேட்டேன். மூணு ஊரு சொன்னான். டிக்கெட்டு இல்லாதவன்தான் அப்படிச் சொல்லுவான். அந்தக் குதிரைக்குப் போறதுக்கு ஊரு இல்லன்னு தெரிஞ்சிபோச்சி."

ஒரு மாதம் பொறு, இடம் கட்டிவிட்டுக் கூட்டிப் போகிறேன் என்று அந்த ஆளிடம் சொல்லி வந்திருந்தார். அந்த ஒரு மாதம் மாசியில் ஆரம்பித்து ஆனி வரைக்கும் நீண்டது. நகரிக்காரரின் போனை அம்மா எடுக்காவிட்டால் எனக்குச் செய்வார். "இன்னா நைனா, அந்தம்மா குதிரைக்குக் கட்றாங்களா, சம்பந்திக்குக் கட்றாங்களா?" என்று ஒரு நாள் கேட்டார். சம்பந்திக்கு என்றால் எப்போதோ முடிந்திருக்கும் என்றேன்.

வேலி இன்னும் பாக்கியிருந்தது. முன்னால் இருந்தவர் போட்ட முள்கம்பியை எடுத்துவிட்டு, கற்கம்பங்களுக்கு நடுவில் இரண்டு வரிசை இரும்புக் குழாய் போட்டேன். ஒற்றைக் கண் குதிரைக்கு அது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொன்ன வாயை மூடுவதற்குள் கைக்குட்டையால் தம் வலது கண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டார். லாயத்திலிருந்து புறப்பட்டு, வேலியைப் பார்த்து, குதிரை வேகம் என்று அவர் நினைத்த வேகத்தில் நடந்தார். சாலையில் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறுகிறவர்கள் ஏறி முடித்தும் கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை. அம்மா நேராகப் போய்க் குழாயில் மோதிக்கொண்டார். முழங்காலைத் தேய்த்தபடி திரும்பி என்னைப் பார்த்து, மலையும் சாம்பல், குழாயும் சாம்பல், ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"உங்களுக்குத் தெரியலம்மா. குதிரைக்குக் கண்ணு பெருசு."

"ஒண்ணுதான இருக்குது."

எல்லாக் குழாய்க்கும் வெள்ளை பெயின்ட் அடித்தேன். மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து, குழாய்க்கு ஓரடி முன்னால் நின்றார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் இந்தக் கதை பஸ் ஏறி என் மனைவிக்கு வந்து சேர்ந்திருந்தது. பைத்தியம் அந்த அம்மாவா, அங்கே தினமும் போகிற நீயா என்று கேட்டாள். நான் குளிக்கப் போய்விட்டேன். ஆனால் அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சறுக்குமரம் செய்து கொடுத்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் நானே ஏறி ஒரு தடவை சறுக்கிப் பார்த்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஆனியில் ஒரு காலை நகரிக்காரர் பொறுமை தீர்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் ராஜாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். விலா எலும்பை எண்ணலாம். அரண்மனை மாதிரிக் கட்டி வைத்த லாயத்துக்குள் போக அது மறுத்துவிட்டது. வாசலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. பச்சைப் புல்லைக் காட்டினேன், வெல்லத்தைக் காட்டினேன். அம்மா எதையும் காட்டவில்லை. தாம் உள்ளே போய், மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொள்ளை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், குதிரை உள்ளே நின்று அவர் மடியிலிருந்து தின்றுகொண்டிருக்கிறது. அதுவும் வாய்ச்சொல்லை நம்பாத ஜாதி போலிருக்கிறது.

கேட் வேலைதான் கடைசி. அதுவரைக்கும் வழியில் மூங்கில் கழிகளைக் குறுக்கே கட்டி வைத்திருந்தோம். இரட்டைக் கதவு, கனமான கேட். பட்டறையில் செய்து கொண்டுவந்து, கீல்களை வாசலின் இரும்புக் கம்பத்தில் வைத்து முதலில் புள்ளி வைத்தேன். புள்ளி என்றால் நெற்றிப் பொட்டளவு வெல்டிங். நகராமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு சுற்றிலும் முழுசாகப் பற்றவைக்க வேண்டும். வலது கதவை முழுசாக முடித்தேன். இடது கதவுக்குப் புள்ளி வைத்ததும் கரன்ட் போய்விட்டது. ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருந்தது. காவடிக் கூட்டத்தைத் தடுத்து அனுப்பும் கம்பித் தடுப்புகளுக்கு என்னிடம் ஆர்டர். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாளைக்கு வந்து முடித்துவிடலாம் என்று, புள்ளியின் மேலேயே பெயின்ட் அடித்தேன். நாளை என்பது எங்கள் தொழிலில் ஒரு அளவு. எத்தனை நாள் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

கிளம்பும்போது அம்மா வந்தார். கேட்டைப் பார்த்தார். வழக்கமாக அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தொங்குவார், உதைப்பார், ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுவார். இப்போது தொங்கினால் கேட்டோடு கீழே விழுவார்.

"முடிஞ்சிதா?"

"ஆங், முடிஞ்சிதும்மா."

"அடுப்புல கொள்ளு கெடக்குது. நீ போட்டா சரியாத்தான் இருக்கும், போ" என்றார். திரும்பி நடந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆறு மாதமாக நான் அந்த வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல அவர் எவ்வளவு மோசமான நாளைத் தேர்ந்தெடுத்தார் பாருங்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சாதம் போட்டுக்கொண்டே, மீதி வேலையையும் முடித்துவிட்டாயா என்று கேட்டாள். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொன்னேன்.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம். காலை ஆறரைக்குப் போன் வந்தது. ராஜா இல்லை, கேட் கீழே கிடக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவர் விழுந்து கிடந்த கதவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து அரிப்புக்கு ராஜா அதில் உரசியிருக்கிறது. கீல் இருந்த இடத்தில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, இரண்டும் பளபளவென்று பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. அவர் அதைக் கட்டைவிரலால் தடவினார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, "வண்டிய எடு" என்றார்.

சென்னை திருப்பதிச் சாலையில் காலை நேரத்தில் ஓடும் லாரிகளை எண்ணுவதும் மலைப்படியில் மொட்டைத் தலைகளை எண்ணுவதும் ஒன்றுதான். டீக்கடையில் கேட்டோம். விடியும்போது திருத்தணிப் பக்கம் போயிற்று, ஓரமாகத்தான் போயிற்று, இங்கே பைக் ஓட்டுகிற பையன்களைவிட ஒழுங்காகப் போயிற்று என்றார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி சாலையோரம் நின்றிருந்தது. சுற்றிக் கூட்டம். சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் ஏதோ வெள்ளையாகக் குவியலாகக் கிடந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவரின் கை என் தோளைப் பிடித்த பிடியில் எனக்குக் கை மரத்துப்போனது. நான் பைக்கை நிறுத்தவில்லை, நிறுத்தத் தெம்பில்லை. மெதுவாகக் கடந்தோம். சுண்ணாம்பு மூட்டை பிரிந்து கொட்டியிருந்தது. கை தோளைவிட்டு எடுபட நெடு நேரமாயிற்று.

ராஜா மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கிடைத்தது.

மேலே கோயிலில் தாலி கட்டிவிட்டு இறங்கிய பெண்ணும் மாப்பிள்ளையும் பேண்டு வாத்தியத்தோடு மண்டபத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பேண்டுக்காரர்களுக்கு நேர் பின்னால், மாப்பிள்ளைக்கு முன்னால், குதிரைக்கு உரிய இடத்தில் ராஜா தலையைத் தாழ்த்தி அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தது. யாரோ அதற்கு மாலையும் போட்டுவிட்டிருந்தார்கள். பெண் வீட்டார் ஏற்பாடு என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு என்று பெண் வீட்டாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இலவசமாக வந்ததைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் துருவிக் கேட்பதில்லை. அம்மா போய்க் கழுத்துக் கயிற்றைப் பிடித்ததும், பட்டு வேட்டிப் பெரியவர் ஒருவர் பதறிப்போய், நீங்கள் பெண் வீட்டுக்காரர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் குதிரை வீட்டுக்காரி" என்றார் அம்மா.

உடனே இழுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. மண்டபத்துப் படி வரைக்கும் கூடவே நடந்தார். வாத்தியம் நின்ற பிறகுதான் மாலையைக் கழற்றினார். பெரியவர் விடாமல் பந்திக்குக் கூப்பிட்டார். பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். அழையாத கல்யாணத்தில் டி.டி.ஆர். ஒருவர் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்கும் நிலைமையில் இல்லை.

திரும்பும்போது சாலையின் இடது ஓரமாக நடத்திக்கொண்டு வந்தோம். லாரிகள் வலது பக்கம், கண் இல்லாத பக்கம். அம்மா அந்தப் பக்கம் நடந்தார், லாரிக்கும் குதிரைக்கும் நடுவில். நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு பின்னால். இரண்டு கிலோமீட்டர் நடந்திருப்போம். திட்டினால் நன்றாயிருக்கும் என்று முதல் தடவையாக நினைத்தேன். அவர் திட்டவில்லை. கடைசியில் நானே வாயைத் திறந்தேன்.

"அம்மா, அந்தக் கீலு, புள்ளி மட்டும்தான் வெச்சிருந்தேன். அன்னிக்கு முடிஞ்சிதுன்னு சொன்னது பொய்."

"பாத்தேன்" என்றார். கொஞ்ச தூரம் போய், "அன்னிக்கே பாத்திருக்கணும். நான் பாக்கல" என்றார்.

அவ்வளவுதான். குற்றத்தைத் தம் பக்கம் எழுதிக்கொண்டுவிட்டார். அதில் எனக்கு ஒரு ஓரம்கூட மிச்சம் வைக்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, இத்தனை வசதியை விட்டுவிட்டு இந்தக் கழுதை ஏன் ஓடியது என்று புலம்பினேன். அவர் ராஜாவின் பிடரியைக் கோதியபடியே நடந்தார்.

"ஓடலப்பா, வேலைக்குப் போச்சி. நான் ரிடையராகி மூணு மாசம், காலையில அஞ்சு மணிக்கு எழுந்து கோட்டு போட்டுகினு ஸ்டேஷனுக்குப் போயி நின்னுகினு இருந்தேன். வண்டி வரும், போவும். யாரும் இன்னான்னு கேக்கல. மாலையா போட்டாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பைக்கின் ஸ்டாண்டு ஆடுகிற மாதிரி இருந்தது, அதைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே ஜெனரேட்டரோடு போய் இடது கதவை மாட்டினேன். கீல்களைச் சுற்றி மேலும் கீழும் முழுசாகப் பற்றவைத்து, தாங்கலுக்கு இரும்புப் பட்டையும் கொடுத்து, ராவி, தொங்கி, உதைத்து, எல்லாவற்றையும் நானே செய்தேன். அம்மா வெளியே வரவில்லை. கூப்பிட்டேன். வாசலில் நின்று, நீ பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, லாயத்தில் ஒரு வேலை இருக்கிறது என்றார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, குதிரைக்கு எட்டாத உயரத்தில், ஒரு சின்ன இரும்புப் பலகை அடிக்கச் சொன்னார். அடித்தேன். மறுநாள் அதில் ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது.

முகூர்த்த நாட்களில் காலை ஆறு மணிக்கு அதில் பேண்டு வாத்தியம் போடுவார். முதல் தடவை போட்ட அன்று நான் இருந்தேன். சத்தம் வந்ததும் ராஜா தின்றதை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கியது. பிறகு லாயத்தைவிட்டு வெளியே வந்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, யாரோ ஏறுவதற்காக நின்றது. அம்மா அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்து வேலியோரமாக நடத்தினார். ஊர்வலத்து நடை, ஒரு அடிக்கு ஒரு நிமிஷம். பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அதனால் பட்டாசும் இல்லை, யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. நான் பார்த்த கல்யாண ஊர்வலங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஒவ்வொரு சுற்றிலும் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் சுற்றில் அந்த அம்மா கேட்டுக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றார். இடது கீலைப் பார்த்தார். வந்து ஒரு தட்டு தட்டுவார், ஒரு உதையாவது கொடுப்பார் என்று நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுத்து வெளியே வைத்திருந்தேன்.

அவர் கீலைத் தொடவில்லை. கயிற்றை மெதுவாக இழுத்து, ராஜாவோடு அடுத்த கம்பத்தைப் பார்த்து நடந்தார்.